நாலு மணிக் கோளாறு

நாகலூரில் நான் பிறந்த எஸ்டேட் லயன் வீட்டில், வருஷத்தில் பாதி நாள் மேகம் வாசல் தாண்டி உள்ளே வந்துவிடும். உப்பு ஜாடி நீர் விடும், தீப்பெட்டி நமத்துப் போகும், துவைத்த பாவாடை மூன்று நாளானாலும் கொடியிலேயே கிடக்கும். அம்மாவுக்குக் காபிக் களத்தில் பழம் காயவைக்கிற வேலை. ஈரம் என்றாலே அவளுக்குச் சண்டைதான். அந்த ஈரத்தில் வளர்ந்த என்னை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் உலகத்திலேயே காய்ந்த இடத்துக்கு அனுப்பினார்கள். தென்துருவம். காலடியில் மலையளவு பனிக்கட்டி, காற்றில் மட்டும் ஈரமே கிடையாது. போன முதல் வாரமே உதடு வெடித்து ரத்தம் வந்தது.

அந்த வறட்சிக்காகத்தான் தொலைநோக்கியை அங்கே வைத்திருந்தார்கள். நட்சத்திரம் பார்க்கிற தொலைநோக்கி அல்ல அது. பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இரவு அணைத்த அடுப்பில் காலையில் கை வைத்தால் லேசாகத் தெரியுமே, அந்த மாதிரி. அதுவும் ஒரே சீராக இல்லை, ஒரு பக்கம் துளி அதிகம், ஒரு பக்கம் துளி குறைவு. அந்தத் துளி வித்தியாசத்திலிருந்துதான் பின்னால் எல்லாமே உண்டாயிற்று என்கிறார்கள். அதை அளப்பதுதான் எங்கள் ஐந்து பேரின் வேலை. சூட்டை உணரும் கருவியின் கம்பி வேலை முழுக்க என் பொறுப்பு.

அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. ஒரே உயரத்தில் நம்மைச் சுற்றிச் சுற்றி வரும், செக்கு மாடு போல. முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் மூக்கு நுனி மரத்துப் போனது தெரியவில்லை.

மூன்றாவது வாரத்தில் தொலைநோக்கியை ஓடவிட்டதுமே கோளாறு ஆரம்பித்தது. தினமும் மாலை நாலு மணிக்கு அளவு எகிறும். அது தணிய இரண்டு மூன்று மணி நேரமாகும். அதற்குள் அன்றைய அளவு பாழ். எங்கள் தலைவர் பொறுமைசாலி. வானத்திலிருந்து வருவதாக இருந்தால், நட்சத்திரங்கள் போலத் தினம் நான்கு நிமிடம் முந்தி வரும், இது நம் கடிகாரத்தைப் பார்த்து வருகிறது, அப்படியானால் மனிதர் வேலைதான் என்றார். கோடை முடிந்து விமானம் எங்களை அழைத்துப்போக வருவதற்குள் சரியாகாவிட்டால் அந்த வருஷத்து உழைப்பு முழுக்க வீண். அடுத்த வருஷம் பணம் தருவார்களா என்பதும் சந்தேகம்.

எனக்கு வாய் நீளம். என் கம்பியில் குறையே இல்லை, ஜெனரேட்டர்தான் காரணம் என்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டவர் ஒரு மீன்பிடி ஊர்க்காரர், அதிகம் பேசாதவர். மூன்று நாள், நாலு மணிக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்லிவிட்டு நாங்கள் பேட்டரியில் ஓட்டினோம். அவர் குளிரில் விறைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதும் கோளாறு வந்தது. அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டாமா? பூமிக்கம்பியைச் சரியாகப் போடவில்லை என்று அவர் மேலேயே மறுபடி பாய்ந்தேன்.

வாரம் ஒரு நாள் செயற்கைக்கோள் வழியாக ஐந்து நிமிடம் ஊருக்குப் பேசலாம். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டரின் போனுக்கு அம்மா வந்து காத்திருப்பாள்.

“ஏங்கண்ணு, கொரலே சரியில்ல?”

“தெனம் நாலு மணிக்கு மிஷின்ல ஒரு கோளாறும்மா. என்னன்னே தெரியல.”

“நாலு மணியா? அது நீ காபி குடிக்கற நேரமாச்சே. மொதல்ல ஒரு வாய் குடிச்சுட்டு அப்பறம் பாரு சாமி.”

நான் பசியோடு வேலை செய்யக் கூடாது என்று சொன்னாள், அவ்வளவுதான். எனக்கோ என் அறை ஸ்டவ் ஞாபகம் வந்தது.

தொலைநோக்கி நின்ற கூரைக்கு நேர் கீழே என் அறை. தினமும் நாலு மணிக்கு அங்கே ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்க வைத்து, அம்மா கொடுத்தனுப்பிய தூளில் டிகாக்‌ஷன் போடுவேன். மறுநாள் தண்ணீரைக் கொதிக்க விட்டு ஏணியில் ஏறிப் பார்த்தேன். கம்பிகள் போகிற சந்து வழியாக ஆவி மேலே போய், தொலைநோக்கியின் மெல்லிய பிளாஸ்டிக் மூடியில் பாலாடை போலப் படிந்து உறைந்துகொண்டிருந்தது. காய்ந்த காற்று அதை மெல்லத் தின்றுவிடும். நான் காபி குடித்து, மற்றதையெல்லாம் சோதித்துவிட்டு மேலே போவதற்குள் தடயமே இருக்காது.

யாருக்கும் தெரியாமல் காபியை நிறுத்திவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. ஒரு இரவல்லாத இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன். காலையில் அதே கூடத்தில், எல்லார் முன்னாலும், தப்பு என்னுடையது என்று சொல்லி அந்த மீன்பிடி ஊர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.  அவர், அப்படி என்ன காபி அது, எனக்கும் ஒரு கோப்பை கொடு என்றார். கூடத்து அடுப்பிலேயே போட்டுக் கொடுத்தேன். கசக்கிறது என்று சொல்லிவிட்டு முழுக்கக் குடித்தார்.

விமானம் வரப் பதினோரு நாள் மிச்சமிருந்தது. கம்பிகள் போகிற சந்து முழுக்க அடைத்தோம். பதினோரு நாளும் அளவு சுத்தமாக வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துத் தலைவர் ஒரு தாளில் அச்செடுத்தார். அதில் ஒரு சின்ன ஏற்றம், ஒரு சின்ன இறக்கம். பூமியே இல்லாத காலத்தில் கிளம்பிய சூடு, என் கையிலிருந்த தாளில் கோடாக ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது. ஐந்து பேரும் தாளை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம்.

அன்று பேசும் முறை வந்தபோது அம்மாவிடம் சொன்னேன். 

“அந்தச் சூடு அங்க மட்டுந்தான் விழுகுமா கண்ணு?”

“இல்லம்மா. எல்லா எடத்துலயும். நம்ம களத்து மேலயும்தான். நம்மூர் ஈரத்துல அத அளக்க முடியாது, அவ்வளவுதான்.”

“இப்பவுமா?”

“இப்பவும்.”

“மேகம் எறங்கி நிக்குதே.”

“நின்னாலும் வரும்மா.”

மறுமுனையில் போனை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. “ரைட்டருங்க, சித்த வெளிய வாங்க, நம்ம களத்து மேலயும் விழுகுதாம்” என்றாள். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போயிற்று. எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அது தீரும்வரை அவள் திரும்பி வரவில்லை.