கறுப்பு மணல் வாளி

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் இயற்பியல் படித்தேன். மணப்பாட்டுப் பக்கம் அப்பாவுக்கு ஒரு வள்ளம். வகுப்பில் கடற்கரைப் பிள்ளை நான் ஒருத்திதான். செய்முறை ஆசிரியர் பாடம் என்னவோ நன்றாகத்தான் நடத்துவார். பூமி பிறந்த காலத்தில் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் பாறைக்குள் சிதைந்து சிதைந்து சூட்டை வெளிவிட்டன. அது வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்து பூமியை உருக்க உதவியது. உருகிய இரும்பு நடுவுக்கு இறங்கியது. இதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டவள் நான்.

கதிர் எண்ணும் கருவி ஒன்றே ஒன்று. அவரவர் மேசைக்கு எடுத்துப்போய், முதலில் எதையும் வைக்காமல் எண்ண வேண்டும். பிறகு பாறைத்துண்டை வைத்து எண்ண வேண்டும். கடைசி மேசை என்னுடையது. எதையும் வைக்காமலே எனக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வந்தது.

"உங்க ஆளுக மீனு எண்ணுத மாதிரி குத்துமதிப்பா எழுதிட்டியோ?" என்றார். வகுப்பே சிரித்தது.

திரும்ப எண்ணினேன், அதேதான். மூன்றாம் முறையும் அதேதான். மூன்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட முடியாது என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கரைக்குப் போனேன். வள்ளத்தின் அடியில் போட அப்பா சாக்கில் கறுப்பு மணல் அள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, வெள்ளை மணலு ஆகாதா?"

"கறுப்புதாம்ளா கனம். அரைச்சாக்கு போட்டாப் போதும், வள்ளம் சாயாது."

எங்கள் கரையின் கறுப்பு மணலில் தோரியம் உண்டு என்று படித்திருந்தேன். சட்டென்று உறைத்தது. என் மேசைக்குப் பின்னால் தீயணைக்க ஒரு மணல் வாளி தொங்கும். அதை நிரப்பிய ஆய்வக உதவியாளர் எங்கள் ஊர்க்காரர். மறுநாள் அவரிடம் கேட்டேன்.

"கனமான மண்ணுதான நல்ல மண்ணு? ஊருல இருந்து சாக்குல கொண்டாந்தேன்" என்றார் பெருமையாக. அடப்பாவி மனுசா!

ஆசிரியரிடம் அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, காத்திருந்தேன்.

அடுத்த வாரம் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் ஆய்வகத்தைப் பார்க்க வந்தார். நம்ம ஆசிரியர்தான் அவருக்குக் கருவியை இயக்கிக் காட்டுவதாக ஏற்பாடு. காலையிலேயே வாளியை ஆசிரியரின் மேசைக்கடியில் வைத்துவிட்டேன். எண்ணினார், இரண்டு மடங்கு. ஒயரை ஆட்டிவிட்டு மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

எழுந்தேன். "சார், மீனு எண்ணுத மாதிரி குத்துமதிப்பா எண்ணிட்டீங்களோ?"

யாரும் சிரிக்கவில்லை. வாளியை இழுத்துத் தூரத்தில் வைத்தேன், எண்ணிக்கை இறங்கியது. திரும்பக் கொண்டுவந்தேன், ஏறியது. வெளியூர்ப் பேராசிரியர் மணலைக் கையில் அள்ளி, "பூமியைக் காய்ச்சின சரக்கு இதுதாம்மா. அன்னைக்கு இருந்த தோரியத்துல அஞ்சுல நாலு பங்கு இன்னும் அழியல" என்றார். என் ஆத்திரமும் அந்த ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வராந்தாவில் ஆசிரியர் என் நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "இத முன்னாடியே எங்கிட்ட சொல்லிருக்கலாமேம்மா" என்றார், குரல் இறங்கி.

சிவப்பு மையடித்த பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் நீட்டினேன்.

"மூணு தடவை சொன்னேன் சார்."