ஒரு சொட்டு ஆசிட்

ஓய்வு பெற்ற அன்று மாணவர்கள் எனக்கு மாலை போட்டு, நான் எவ்வளவு நல்லவன் என்று அரை மணி நேரம் பேசினார்கள். நானும் கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் இரண்டு பேர் ஒரே கைடிடம் ஆராய்ச்சி செய்தோம். நான் ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் ஸ்ரீரங்கம், எனக்கு ஒரு வருஷம் ஜூனியர். கரியமில வாயுவையும் எபாக்சைடு என்ற திரவத்தையும் சேர்த்துப் பாலிமர் செய்ய வேண்டும். இரண்டும் தானாகச் சேராது, நடுவில் துத்தநாகச் சேர்மம் ஒன்று வினையூக்கியாக வேண்டும். ஜப்பான்காரர்கள் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய சேர்மம் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். மின்விசிறிகூடச் சரியாக ஓடாத எங்கள் லேபில் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. எனவே துத்தநாக ஆக்சைடையும் ஓர் அமிலத்தையும் வைத்து நாங்களே ஒரு வினையூக்கியைத் தயாரித்தோம். அழுத்தம் தாங்கும் இரும்புக் கலத்தைத் துவாக்குடி பட்டறையில் கடைந்து வாங்கினோம். வாயு சிலிண்டர் சோடா கம்பெனியிலிருந்து வந்தது. அந்த வாயுவில் ஈரம் இருந்தது, ஈரம் பட்டால் வினையூக்கி வேலை செய்யாது. இரண்டு வருஷமாக எனக்குக் கிடைத்தது வெறும் பிசுபிசுப்புதான்.

அந்த வருஷம் ஒருவருக்குத்தான் ஃபெல்லோஷிப்பை நீட்டிப்போம் என்று கைடு சொல்லிவிட்டார். கிடைத்தால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீடும் தயாராக இருந்தது. இதெல்லாம் லேபில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் வாயுவை இரண்டு உலர்த்தும் குழாய்கள் வழியாக விட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றும் எரிச்சல் வருகிறது. கலத்தைத் திறந்தபோது கைப்பிடி அளவு வெள்ளைப் பொடி இருந்தது. கைடு உடனே செமினார் வைத்துவிட்டார்.

செமினாருக்கு முதல் நாள் மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து ஆசிட் விட்டேன். நுரைத்தது. பாலிமர் நுரைக்காது, துத்தநாகக் கார்பனேட்தான் நுரைக்கும். வயிறு குளிர்ந்தது என்று சொன்னால் அதுதான் உண்மை. அவளிடம் சொல்லியிருந்தால் செமினாரைத் தள்ளிப் போட்டிருப்பாள். நான் கைடிடம் போய், ஆசிட் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லலாமே சார் என்று பணிவாகச் சொன்னேன்.

மறுநாள் துறை முழுவதும் பார்க்க, அவள் கையாலேயே ஆசிட்டை விடச் சொன்னார் கைடு. பொடி நுரைத்துப் பொங்கியது.

"ஏம்மா, இது பாலிமரா, ஆப்பச் சோடாவா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான். அவள் மேஜையைத் துடைத்துவிட்டு வெளியே போனாள். அதன்பின் லேபுக்கு வரவில்லை. ஃபெல்லோஷிப் எனக்கு நீட்டிக்கப்பட்டது.

அடுத்த வாரம் அவளுடைய அலமாரியைக் காலி செய்யும்போது மிச்சப் பொடியைக் கொட்ட மனம் வராமல் குளோரோபார்மில் போட்டேன். பாதி கரைந்தது. வடிகட்டி, ஆசிட்டில் கழுவி, மெத்தனாலில் ஊற்றினேன். வெள்ளை வெள்ளையாக நூல் திரண்டது. கண்ணாடியில் காயவைத்தால் உரித்தெடுக்கிற மாதிரி பாலிமர் படலம் வந்தது. இப்போது ஆசிட் விட்டால் நுரையே இல்லை. அன்றைக்கு நுரைத்தது, வாயு பட்டுக் கார்பனேட்டாகிவிட்ட வினையூக்கியின் மிச்சம் மட்டும்தான். கழுவாமல் விட்டதுதான் அவள் செய்த ஒரே தப்பு. அவள் ஜெயித்திருந்தாள்.

புதன்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் போகிறேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் தீசிசுக்கு அவளுடைய செய்முறை நோட்டு தேவைப்பட்டது. அவள் அப்பா உட்காரச் சொல்லி, வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்றார். பிறகு, காலேஜிலிருந்து ஏதாவது நல்ல சேதி உண்டா என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நோட்டு மட்டும் வேண்டும் என்றேன்.

அவள் எடுத்து வந்தாள். கொடுக்கும்போது தயங்கினாள்.

"அலம்பாம விட்டுட்டேன்னு தோணறது. ஆசிட்ல ஒரு தடவை அலம்பிப் பாருங்கோளேன். உள்ளே பாலிமர் இருக்கும்."

"பாத்துட்டேங்க. ஒண்ணுமில்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அலம்பிப் பார்த்ததற்கு நன்றி சொன்னாள். பிறகு நோட்டைத் திரும்ப வாங்கி, அந்தச் சோதனையை எழுதியிருந்த பக்கத்தின் அடியில் 'பாலிமர் கிடைக்கவில்லை' என்று தன் கையாலேயே எழுதி என்னிடம் கொடுத்தாள்.