நாலு பேர் முன்னால்

எங்கள் வீட்டில் எல்லாக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம் வெட்கப்படுத்துவதுதான். தம்பி படுக்கையை நனைத்தால், அந்தப் பாயை அம்மா தெருப்பக்கமாகக் காயப்போட வேண்டும். போகிறவர் வருகிறவர் கேட்டால் காரணத்தையும் சொல்ல வேண்டும். "நாலு பேர் முன்னாடி மானம் போனா தன்னால திருந்துவாங்க" என்பார் அப்பா.

எனக்குத் திக்குவாய்.

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருடைய கூட்டாளிகள் வீட்டுக்கு வருவார்கள். நான் டீ கொண்டுவந்ததும், "பேர் சொல்லுமா" என்பார். என் பெயர் 'ப'வில் தொடங்கும். உதடு ஒட்டிக்கொண்டால் பிரியாது. கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். "வண்டி ஸ்டார்ட் ஆவல பாரு" என்று அப்பா காலால் உதைத்துக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அவள் சிரிக்காவிட்டால் அடுத்து அவள் சமையலைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிடுவார்.

ஒரே ஒருமுறை, தோல் வியாபாரம் செய்த ஒரு பாய் சிரிக்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டார். "விடுங்க, கொழந்தைக்கு பேஜாரா இருக்குது" என்றார். அவர் போனபிறகு எனக்கு அடி விழுந்தது. வெளியாள் பரிதாபப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேனாம்.

இதிலெல்லாம் நான் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. வார்த்தையை மாற்றிப் போடக் கற்றுக்கொண்டேன். பால் வேண்டுமென்றால் டீ கேட்பேன். பள்ளிகொண்டாவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு முதல் தடவை தனியாகப் போனபோது, கண்டக்டரிடம் வேலூர் என்று சொல்லி டிக்கெட் வாங்கினேன். பள்ளிகொண்டாவில் பஸ் நின்றதும் கூட்டத்தோடு இறங்கிவிட்டேன். வகுப்பில் விடை தெரிந்தாலும் தெரியாது என்பேன். டீச்சர் திட்டுவார். திட்டு வாங்குவது பேசுவதைவிட எவ்வளவோ மேல்.

இப்போது ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் இருக்கிறேன். மெயில் எழுதுகிற வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வேன். "மேடத்துக்குத் திமிர் ஜாஸ்தி" என்று சொல்வது காதில் விழுந்திருக்கிறது. திமிர்க்காரி என்ற பெயரை நான் மறுத்ததில்லை. அப்பாவோ உறவுக்காரர்களிடமெல்லாம், "கிண்டல் பண்ணிப் பண்ணியே நான்தான் சரி பண்ணேன். இப்ப திக்குதா பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் என் மகன் திக்க ஆரம்பித்தான். நாலு வயசு. அந்தச் சமயத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். தம்பியும் அவன் மனைவியும் இருந்தார்கள். "தா... தா... தாத்தா" என்று மகன் இழுத்தான். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னாடா, உன் வண்டியும் ஸ்டார்ட் ஆவலயா?" என்றார். தம்பி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

வேறு வார்த்தை தேட எனக்கு நேரமில்லை. "அவன பே... பே... பேச விடுங்கப்பா" என்றேன். கண் மூடிக்கொண்டது. திறந்தபோது அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "அட, இதுக்கு இன்னும் போவலயா?"

மகனும் சிரித்தான். கையைத் தட்டிக்கொண்டு, "அம்மா பே பே" என்றான். சிரிப்பு தன்னை விட்டு இன்னொருத்தர் மேல் போய்விட்டதில் அந்தக் குழந்தைக்கு அவ்வளவு நிம்மதி. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

பாதியில் எழுந்து கை கழுவினேன். "வெளாட்டுக்குத்தானமா" என்றார் அப்பா. அம்மா மீதிக் குழம்பை ஒரு டப்பாவில் ஊற்றி என் பையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. மகன்தான் அடிக்கடி கேட்கிறான், தாத்தா வீடு ஜாலியாக இருக்கிறதாம். மற்ற எதற்கும் திக்குகிறவன் அதை மட்டும் தடங்கலில்லாமல் கேட்டுவிடுகிறான். அப்பாவும் போன் செய்கிறார். "ஒரு மாசம் எங்கிட்ட உடு. சரி பண்ணி அனுப்பறேன்."

நான் போனை வைத்துவிடுகிறேன்.