மரவட்டைக்கு ஊற்றிய தண்ணீர்

லாரி ஓட்டுகிறவருக்கு முதுகு போய்விட்டால் அடுத்து என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டி யோசித்து வைப்பதில்லை. என் கணவரும் யோசித்திருக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாளையார் வழியாகச் சரக்கு லாரி ஓட்டியவர். முதுகில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர், இனி ஸ்டீயரிங் பிடிக்க வேண்டாம், கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவர் படுத்தார். காயம் ஆறிய பிறகும் படுத்தே இருந்தார்.

நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கங்களைத் திருத்துகிறவள். முன்பு தினமும் கோவைக்குப் போய் வந்தேன். இப்போது வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கம், எலப்புள்ளி வீட்டில் இருந்தபடியே வேலை. அடுத்த அறையில் ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது மற்றவர்களுடைய வாக்கியங்களைச் சரிசெய்வது சிரமம். "எந்திரிச்சு உக்காருங்களேன்" என்பேன். "உக்காந்து?" என்பார். நான் அடுத்த பக்கத்தைத் திறப்பேன்.

மழைக்காலத்தில் அவரை இடுக்கியில் என் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அண்ணனும் மதினியும் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்ததும் அந்த எஸ்டேட்டில்தான். ஒரு மதியம் அவர் வீட்டுப் பின்புறம் விறகடுக்கின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு மரவட்டை. என் உள்ளங்கையைவிட நீளம், பென்சிலைவிடப் பருமன். உடல் கருப்பும் அரக்குமாக இருந்தது, கால்கள் மட்டும் செங்கல் நிறம். மட்கிய பலா இலை ஒன்றை ஓரத்திலிருந்து தின்றுகொண்டிருந்தது. நான் டீ கொண்டுபோனபோது பாதி இலை இருந்தது. டம்ளரை எடுக்கப் போனபோது நரம்பு மட்டும் மிச்சம். அவர் அசையவில்லை. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"நம்ம தோட்டத்துல ஓலையும் மட்டையும் மலையாட்டக் கெடக்குதே அம்மிணி," என்றார். "தீ வெக்கறதுக்குப் பதுலா இதுகளுக்குப் போட்டா உரமாயிருமாட்ட இருக்குது."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. உரம் என்பது ஒரு சாக்கு என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் அண்ணனுக்கு போன் செய்து, கொஞ்சம் அட்டை பிடித்து அனுப்பும்படி கேட்டார். இவர் வீட்டில் மரவட்டையைச் சுருக்கமாக அட்டை என்றுதான் சொல்வார்கள். எஸ்டேட்டில் அட்டை என்றால் காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டை, வேறொன்றும் இல்லை. சற்று நேரத்தில் மதினி என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, உன் வீட்டுக்காரருக்கு முதுகுலதான ஆப்பரேசன் பண்ணுனாங்க? தலையில இல்லையே?"

"ஏன் மதினி?"

"அட்டைய வளக்கப் போறேங்கிறாரு. அதுக்கு டிரம்மு எதுக்கு? இங்க வந்து நாலு நாள் கொழுந்தெடுக்கச் சொல்லு. கால்லயே வளந்துரும்."

விளக்கிச் சொன்னேன். "அட, ரயில் பூச்சியா? அதுக்கா இம்புட்டு?" என்று சிரித்தார். ஆனால் மழை விடுவதற்குள் பெரிதாகப் பார்த்துப் பொறுக்கி, மட்கிய இலையோடு ஒரு பெயிண்ட் வாளியில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். அண்ணன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கி வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் வாளியில் என்ன என்று கேட்டதற்குத் தேன் என்று சொன்னாராம்.

எங்கள் மாட்டுக் கொட்டகை காலியாக இருந்தது. நீல பிளாஸ்டிக் டிரம்களைக் குறுக்காக அறுத்து, மண்ணும் உளுத்த மரமும் மட்கிய இலையுமாக நிரப்பி, மேலே தென்னை மட்டைகளைப் பரப்பி, அதற்குள் விட்டோம். எப்படி வளர்ப்பது என்று விசாரிக்க நான் விவசாய ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் தன்மையான மனிதர். "தேரட்டையோ?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். கொல்ல மருந்து இருக்கிறது, வளர்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை என்றார். மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஏறுகிறது, என்ன தெளிக்கலாம் என்று கேட்பவர்களையே பார்த்துப் பழகியவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆக, போனில் பார்த்த வீடியோக்களும் எங்கள் சொந்த அனுபவமும்தான் வழி. பயந்தால் அவை சுருண்டுகொள்ளும், பழுப்பாக ஒரு நீரை விடும், மருந்துக் கடை வாசனை அடிக்கும். தொட்ட விரலில் அந்தக் கறை சோப்புக்குப் போகாது, தோலோடு உரிந்துதான் போகும். அவர் விரல்கள் கறையாகவே இருந்தன. ஸ்டீயரிங் பிடித்த நாட்களில் கிரீஸ் கறை இருந்த இடம்.

தோல் உரித்து உரித்து வளரும் உயிர் அது. அதன் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாம் என்று தெரிந்துகொண்டார். இரண்டு பேர் தின்கிற முட்டை எந்த மூலைக்கு? ஒரு நாள் காலையில் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, என்னிடம்கூடச் சொல்லாமல், பெரிய ரோட்டுத் தட்டுக்கடைக்குக் கிளம்பிப் போனார். வண்டியை ஓரங்கட்டி அவர் சாப்பிடுகிற கடை. பழைய டிரைவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்தவர். ஒரு பை நிறைய ஓட்டுடன் வந்து, அங்கே நடந்த பேச்சை எனக்கு நடித்துக் காட்டினார். கடைக்காரர் கேட்டது:

"ஏனுங் டிரைவரே, ஆம்லெட் வேண்டாம், ஓடு மட்டும் போதுங்களா? இதென்ன பத்தியம்?"

"எனக்கில்லீங்க. ஊட்ல சின்னஞ்சிறுசுக நெறைய வரப் போகுதுங்க."

"அடேங்கப்பா. படுத்த படுக்கையிலயே இத்தன வேலைங்களா?"

அன்று அவர் சிரித்ததில் முதுகு வலித்து, மறுபடி பெல்ட்டை இறுக்க வேண்டியிருந்தது.

மழை முடிவதற்குள் அவை ஜோடி சேர்ந்தன. இரண்டு ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மணிக்கணக்காகக் கிடக்கும். அவர் வந்து கூப்பிடுவார், நான் பக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். பிறகு பெரிய பெட்டைகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. முட்டை வைக்கத்தான் என்று அவர் சொன்னார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

பிறகு மலைக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வந்தது. எங்கள் பக்கம் பனிக்காலம் என்றால் அந்தக் காற்றுதான். துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் உலர்த்திவிடும். டிரம் மண்ணின் மேல்பாகம் பாளம் பாளமாக வெடித்தது. ஈரச் சாக்கு போட்டு மூடினோம். காற்று ஓய்ந்ததும் வெயில் வந்தது. மாசி முடிவதற்குள் மேலே ஒன்றுகூட இல்லை. எல்லாம் அடியில் போய்விட்டன.

வறண்ட காலத்தில் அவை ஆழத்தில் மண்ணைக் குடைந்து ஒரு கூடு செய்துகொண்டு, அதற்குள் சுருண்டு கிடக்குமாம். தோல் உரிப்பதும் அங்கேதான். கூட்டை உடைத்தால் அந்த நிலையில் அது பிழைக்காது. உடைக்காவிட்டால் உள்ளே இருப்பது உயிரா, வெறும் ஓடா என்று தெரியாது. எங்கள் தொழிலில் உறுதியாகாத செய்தியை எடுத்து ஓரமாக வைப்போம், உறுதி செய்துகொண்டு மறுநாள் போடுவோம். இங்கே உறுதி செய்யப் போனால் செய்தியே செத்துவிடும்.

மரவட்டைகள் மீது எனக்குத் தனியாகப் பிரியம் எதுவும் கிடையாது. அவை செத்துப்போனால் இவர் மறுபடி படுத்துவிடுவார் என்பதுதான் என் பயம். அது ஏற்கெனவே தொடங்கியும் இருந்தது. மண் வெறுமையாகத் தெரிந்த நாட்கள் கூடக் கூட, அவர் எழுந்து வருகிற நேரம் தள்ளிப் போனது. தட்டுக்கடைக்குப் போவது நின்றது. கேட்டால், தின்ன ஆளில்லாமல் ஓடு எதற்கு என்றார்.

கிணறு பங்குனியிலேயே வற்றியது. போர்வெல் தண்ணீர் உப்பு. மண்ணில் ஊற்றினால் வெள்ளை பூத்தது. மிச்சம் பஞ்சாயத்து டேங்கர்தான். அவர் குடம் தூக்கக் கூடாது. நான்தான் வரிசையில் நின்று பிடித்து, தோட்டத்துப் பாதையில் சுமந்து வந்து, பாதியை வீட்டுக்கும் பாதியைக் கொட்டகைக்கும் பிரிப்பேன். சாக்குகளை நனைத்துப் பிழிந்து மறுபடி போர்த்துவேன். வெயில் ஏறுவதற்குள் அவை காய்ந்து விறைத்திருக்கும். திரும்பவும் நனைப்பேன். மதியத்தில் திருத்த வேண்டிய பக்கங்களில் வறட்சிச் செய்திகளாக வரும். காலிக் குடங்களுடன் பெண்கள் நிற்கும் படங்கள். படக்குறிப்பில் எழுத்துப் பிழை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவேன்.

வரிசையில் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒரு நாள் கேட்டார்.

"ஏனுங், குடிக்கறக்கே தண்ணியில்ல. உங்கூட்ல பூச்சிக்கு ஊத்தறீங்களாமா?"

"அரிசி கழுவுன தண்ணிதாங்க."

"எந்த ஊர் அரிசிங்க அது? கழுவுன தண்ணி இத்தன தெளிவா இருக்குது."

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். அந்த அம்மா கேட்டதில் தப்பு ஏதும் இல்லை. உயிர் இருக்கிறதா என்றே தெரியாத ஒன்றுக்கு நான் குடிநீரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம், நான் சாக்கு நனைத்துவிட்டு வந்து தரையில் சாய்ந்தபோது, அவர் கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"தோண்டிப் பாத்தரலாமா?"

"தோண்டுனா செத்துரும்னு நீங்கதான சொன்னீங்க."

"செத்ததத்தான் பாக்கப் போறமோ என்னமோ."

"அப்பப் பாத்து என்ன ஆகப்போகுது?"

என் பக்கம் திரும்பிப் படுத்தார். "இல்லீன்னு தெரிஞ்சுதுன்னா நீ தண்ணி சொமக்கறத உட்டுர்லாமில்ல."

அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. தோண்டினால் அன்றோடு முடியும். நாளைக்கு வரிசையில் ஒரு குடம் குறையும். என் இடுப்பில் குடம் வைத்த இடத்தில் தோல் தடித்துப் போயிருந்தது. ஆனால் தோண்டிப் பார்த்துவிட்டு அவர் திரும்பி வந்து அந்தக் கட்டிலில் படுப்பதையும் என்னால் பார்க்க முடிந்தது. "நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். மறுநாள் அவர் கேட்டபோதும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. நிறுத்துவது என்று முடிவெடுக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

கோடை மழை ஒரு நாள் தூறிவிட்டுப் போனது. டிரம்மில் எதுவும் அசையவில்லை. வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை தொடங்கிய பிறகும் இரண்டு மூன்று நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பிற்பகல், இனிச் சாக்குகள் வேண்டாம் என்று எடுத்து மடிக்கப் போனேன். மண்மேல் ஒரு பெரிய மரவட்டை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. உடல் புது பாலிஷ் போட்டது போலப் பளபளத்தது. ஓரத்தில் இன்னொன்று. மற்ற டிரம்களில் ஒன்றிரண்டு. மதினி அனுப்பியதில் பாதிக்கு மேல் வரவில்லை. பிறகும் வரவில்லை.

ஒரு மட்டையைப் புரட்டினேன். அடியில் அரிசிக் குருணை சிந்தியதுபோல இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குருணை நகர்ந்தது.

அவரைக் கூப்பிட்டேன். மழையில் காது கேட்கவில்லை. உள்ளே போய்ச் சொன்னேன். கட்டிலைப் பிடித்து எழுந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். டிரம் விளிம்பில் ஒரு கையை ஊன்றி, முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

"வேற ஏதாச்சும் பூச்சிக் குட்டியா இருக்கும்," என்றார்.

"தொட்டுப் பாருங்க."

ஒன்றைச் சுண்டுவிரலால் தொட்டார். அது சுருண்டுகொண்டது. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் சுருண்டது. தொட்டுக்கொண்டே இருந்தார்.

"நம்முளுதுதான்," என்றார். அடுத்த மட்டையைப் புரட்டினார். அங்கேயும் இருந்தன. "இந்த டிரம்மு பத்தாது அம்மிணி. இன்னம் மூணு நாலு வேணும். அடுத்த கோடைக்குள்ள வெரலு நீளம் வந்துரும்."

அடுத்த கோடை என்றதும் டேங்கர் வரிசை நினைவுக்கு வந்தது. கூடவே, வரப்போகிற ஒரு மாதத்தைப் பற்றி அவர் பேசியே நெடுநாளாகிறது என்பதும். "வாங்கலாம்" என்றேன். எந்தக் குரலில் சொன்னேனோ, அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதுகளுக்குப் பல்லு பத்தாது. நல்லா மக்குன எலையா வேணும். இப்பவே."

"மழ பேயுது."

"நனஞ்ச எலதான் நல்லது."

கூடையை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனேன். மழை வலுவாகத்தான் இருந்தது. மேலே கிடந்த புது இலைகளைத் தள்ளிவிட்டு, அடியில் கருத்துக் குழைந்திருந்ததை அள்ளிப் போட்டேன். நனைந்த இலை, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தாலும் நல்ல கனம். ஒரு கூடை நிறைவதற்குள், இன்னொரு கூடையும் வேண்டும் என்று அவர் கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார்.