இருபதாவது ஆள்

கட்டைவிரல் நுனி சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்குகிறது. ஒரு ஆள் உள்ளே நுழைந்தால் ஒரு கணு மேலே. இடது கை முடிந்தால் பன்னிரண்டு. பிறகு வலது கை. அதில் நடுவிரலின் இரண்டாவது கணுவைத் தொட்டுவிட்டால் இன்பமேரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விடுவார். தொடாவிட்டால், மணி அடித்த பிறகும் வாசற்படியில் நின்று, தேயிலைச் சரிவில் யாராவது ஏறி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்டிப்பெரியாருக்கு மேலே, ஜீப் மட்டும் ஏறுகிற டிவிஷனில் இருக்கிறது அந்த அந்தோணியார் கோயில். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும் தமிழ்ப் பூசை, மற்ற ஞாயிறெல்லாம் மலையாளம். இருபது பேராவது வந்தால்தான் தமிழ் தொடரும் என்று பூசை வைக்கும் மலையாளப் பாதிரியார், அச்சன், சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, மூன்று எஸ்டேட் கோயில்களுக்கு அவர் ஒருவர்தான். ஓய்வு பெற்றவர்கள் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கம்பம், தேனி என்று மலையிறங்கிப் போனார்கள். பிள்ளைகள் திருப்பூரில். என்னைப் போன்றவர்கள் துபாயில், விசா முடியும் தேதியைத் தூக்கத்திலும் மறக்காமல்.

இன்பமேரிக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்த கறை கட்டைவிரல் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. மருமகள் எஸ்டேட்டில் வேலை செய்வதால் லயத்தில் இருக்க முடிகிறது. மலையாளம் நன்றாகவே வரும், சூப்பர்வைசர்களை அந்த மொழியில் வாயடைக்க வைத்தவர்.

“சண்டைக்கு அது நல்ல பாஷைதான். பாவசங்கீர்த்தனத்துக்குத்தான் ஆகாது. ஒருதடவ, ‘ஞான் பாவமாணு அச்சோ’ன்னுட்டேன். பாவின்னு சொல்ல வந்தேன். அவங்க பாஷையில அது ஏழைபாழைன்னு ஆயிருச்சு. அச்சன் எரக்கப்பட்டு அரிசி வாங்க வரச் சொல்லிட்டாரு.”

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை.

கணவர் சூசையப்பனை அடக்கம் செய்தது மலையாளத்தில். “குழிக்குள்ள வெச்சு என்னத்தையோ ஓதுனாங்க. காது மந்தமான மனுசன், மலையாளமும் அரைகுறை. ஒண்ணும் வெளங்கியிருக்காது அவருக்கு. எனக்கு அப்படி ஆவக் கூடாது. தமிழ்ப் பூசை நின்னுச்சுன்னா எனக்கும் அதுதான்.”

ஆகவே சனிக்கிழமை மாலைகளில் லயம் லயமாக ஏறி இறங்குவார். முழங்கால் வலி என்று படுத்திருந்த ஏசுரத்தினத்தின் வாசலில் நின்று, “எறச்சிக் கடைக்குப் போறப்ப மட்டும் முட்டு நல்லா மடங்குதோ மாமா?” என்பார். ஏசுரத்தினம் மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார்.

கிறிஸ்தவர்கள் போதாதபோது பக்கத்து லயத்துப் பெரியமுத்துவைக் கேட்டார். முன்பு எஸ்டேட் வாட்சர். மாரியம்மன் கோயில் காரியங்களை முன்னின்று நடத்துபவர்.

“சும்மா உக்காருங்கண்ணே. எல்லாரும் எந்திரிச்சா எந்திரிங்க. அவ்வளவுதான். ஒங்க அம்மனுக்குப் பொங்க வெச்சப்போ நான் வந்து கொலவை போடல?”

“போட்ட. இப்படிச் சொல்லிக்காட்டுவேன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே வேணாம்னிருப்பேன்.”

ஆனாலும் வந்தார்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, நல்ல மழை. முந்தைய இரண்டு மாதமும் ஆள் குறைந்திருந்தது. இம்முறையும் குறைந்தால் இதுவே கடைசி என்று அச்சன் அறிவித்திருந்தார். ஆட்களை எண்ணி அவரிடம் சொல்ல வேண்டியது ஜோபி, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கப்யார். விடுமுறைக்கு வந்திருந்த நான் பத்தொன்பது. குடையை மடக்கி உதறியபடி பெரியமுத்து இருபது. இன்பமேரியின் கட்டைவிரல் நடுவிரலின் இரண்டாவது கணுவில் போய் நின்றது. ஜோபியின் தலை இருபது என்று அசைந்தது.

நற்கருணை நேரத்தில் எல்லாரும் எழுந்தார்கள், சொல்லி வைத்தபடி பெரியமுத்துவும் எழுந்தார். வரிசை நகர அவரும் நகர்ந்தார். அச்சன் உள்ளங்கையில் அப்பத்தை வைத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கேயே உட்கொள்ள வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. துண்டின் முனையில் பத்திரமாக முடிந்துகொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக மழையில் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டார்.

இன்பமேரி ஓடினார். பின்னால் ஜோபி. அவர்களுக்குப் பின்னால் நான்.

ஒற்றை அறை. சுவர்ப் பலகையில் மாரியம்மன் படம், அதன் முன்னால் விபூதித் தட்டு, தட்டில் அந்த வெள்ளை அப்பம். ஏழு மாதமாகக் கட்டிலில் கிடக்கும் மனைவி சாந்தம்மாளை முதுகில் கைகொடுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார் பெரியமுத்து.

“அண்ணே, இது கோயில விட்டு வெளிய வரக் கூடாதுண்ணே.”

“இவளுக்குக் கொடுக்கலாம்னுதான் தங்கச்சி. நல்ல பொருளுன்னா வீட்டுக்குக் கொண்டாரக் கூடாதா?”

வாசலில் நின்ற ஜோபி உள்ளே எட்டி மாரியம்மன் படத்தைப் பார்த்தார், பிறகு பெரியமுத்துவைக் கை காட்டினார். “இயாள் நம்முடெ ஆளல்லல்லோ, சேச்சி.”

இன்பமேரி ஈரச் சேலையோடு சிமெண்டுத் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றினார். மாரியம்மனுக்கு நேராக நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டார். தட்டை இரண்டு கையாலும் இறக்கினார்.

கட்டிலில் சாந்தம்மாள் கண்களை மூடி வாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

இன்பமேரி அப்பத்தை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். துணுக்கு எதுவும் தங்கிவிடக் கூடாதென்று, தட்டிலிருந்த விபூதியையும் விரலால் வழித்து நாக்கில் வைத்து விழுங்கினார். வெறும் தட்டைப் பலகையில் திருப்பி வைத்தார். எழுந்திருக்காமல், மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். கட்டைவிரல் நடுவிரலின் இரண்டாவது கணுவைத் தேடித் தொட்டது, பிறகு ஒரு கணு கீழே இறங்கியது.