சின்னவள் தின்ற ஒரு தட்டுச் சுருள்

பெரியவள் நல்லவள் என்று சொல்ல வரவில்லை. ஒருத்தி மேல் கறுவினால் கறுவியதுதான், சமாதானம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் பெரணிச் செடியின் குருத்தை அவளைப் போல் பதமாக வேகவைக்க அந்தச் சந்தையில் வேறு ஆள் இல்லை. இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்!

குளிர் விலகும்போது ஓடைக்கரையில் பெரணித் தூர்களின் நடுவிலிருந்து குருத்துகள் சுருண்டபடியே எழும்பும்; சந்தையில் அதற்குச் சுருள் என்றே பெயர். விரிவதற்குள் பறித்துவிட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பழுப்புச் செதிலைத் தேய்த்து உதறி, கொதிக்கிற தண்ணீரில் நன்றாக வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்தால்தான் அது சாப்பாடு. அரைவேக்காட்டில் தின்றால் குடலைப் புரட்டிவிடும். பெரியவள் சந்தையிலேயே அடுப்பு மூட்டி வேகவைத்து விற்றாள். கேட்டவர்களுக்குப் பச்சையாகவும் கொடுத்தாள்.

"ரத்தம் ஊறும், கண்ணு தெளியும், மலச்சிக்கல் ஓடியே போகும், வாங்க!" என்று கத்துவதில் அவளுக்குக் கூச்சமே இல்லை. பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து முதலில் அவளிடம்தான் ஆள் வரும். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தச் சுருள்தான்.

சின்னவள், அவளுடைய கொழுந்தன் மனைவி, பக்கத்துக் கடையில் வெங்காயம் விற்றாள். ஒருநாள் முடிவெட்டுகிறவர் பச்சைச் சுருளை வாங்கிப்போய், எண்ணெயில் இரண்டு புரட்டுப் புரட்டித் தின்றுவிட்டு வாந்தியெடுத்தார். போதாதா சின்னவளுக்கு! ஒன்றைப் பத்தாக்கி நடுச்சந்தையில் நின்று முழங்கினாள்: "எங்க பெரியவ கீரையைத் தின்னா நேரா ஆஸ்பத்திரிதான்!"

பெரியவள் அடுப்பின் முன் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். சின்னவள் அதோடு விட்டாளா? ஓடைக்கரைக்குப் பின்னாலேயே வந்து இடத்தைப் பார்த்துக்கொண்டு, தானே பறித்து, "இதுதான் நல்ல சுருள்" என்று விற்கத் தொடங்கினாள். அடிப்பாவி!

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. கொண்டையைப் பிடித்து ஓடையில் தள்ளியிருப்பாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். சின்னவள் ஒவ்வொரு தூரையும் மொட்டையாகப் பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு தூரில் பாதிக் குருத்தையாவது விட்டுவைக்க வேண்டும். அது இலையாக விரிந்தால்தான் தூருக்கு உயிர். இல்லாவிட்டால் இளைத்து இளைத்துச் செத்துப்போகும். பின்னால் வந்து ஒளிந்து பார்த்தவள், பறிப்பதைத்தான் பார்த்தாள், விட்டுவைப்பதைப் பார்க்கவில்லை.

"என்னக்கா அப்படிப் பாக்கறே?" என்றாள் சின்னவள்.

"ஒண்ணுமில்லடி. எல்லாத்தையும் பறிச்சுக்கோ. விட்டா வீணாத்தான் போகும்."

சொல்லிவிட்டு, மறைவாக இருந்த சில தூர்களைத் தோண்டிச் சாக்கில் கட்டி எடுத்துப்போய், தன் வீட்டுக் குளியலறைச் சுவருக்குப் பின்னால், வெயில் படாத ஈரத்தில் நட்டாள். அவை வேர் பிடித்துத் தழைக்கும்வரை ஒரு குருத்தைக்கூடத் தொடவில்லை. அடுத்தவர் வீடுகளில் பாத்திரம் தேய்த்து வயிற்றைக் கழுவினாள். தேய்க்கும்போதெல்லாம் சின்னவள் முகத்தை நினைத்துக்கொள்வாள். இவ்வளவு பளபளப்பாகத் தேய்க்கிறாளே என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

சில வருஷங்களில் ஓடைக்கரை வெறிச்சோடியது. சின்னவள் மறுபடி வெங்காயத்துக்கே போனாள். பெரியவள் கூடை நிறையச் சுருளோடு வந்து பழைய இடத்தில் அடுப்பு மூட்டினாள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவளின் மகளுக்குப் பிரசவம். ரத்தம் நிறையப் போய்த் துவண்டு கிடந்தாள். மாத்திரையோடு இரும்புச்சத்துள்ள கீரையும் கொடுக்கச் சொன்னாள் நர்ஸ். எதை வைத்தாலும் அந்தப் பெண்ணுக்குக் குமட்டியது. "பெரியம்மா வேகவைக்கிற சுருள்னா சாப்பிடுவேன்" என்றாளாம்.

சின்னவள் வந்து நின்றாள். "அக்கா, ஒரு கூறு குடுக்கா."

"வாந்தி வர்ற கீரை பிள்ளை பெத்தவளுக்கு எதுக்குடி?"

பெரியவள் வெந்த சுருளைத் தட்டு நிறையப் போட்டு நீட்டினாள்.

"முதல்ல நீ தின்னு. இங்கயே நின்னு தின்னு. எல்லாரும் பாக்கட்டும்."

முடிவெட்டுகிறவர் பாதி சவரத்தை விட்டுவிட்டுக் கடை வாசலுக்கு வந்தார். சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ஆளும் சோப்பு நுரையோடு பின்னால் வந்தான். சின்னவள் தின்றாள். கண்ணில் நீர் வழிய வழியக் கடைசிச் சுருள்வரை தின்றாள்.

"வாந்தி வருதா?"

"வரல."

"சத்தமா சொல்லு."

"வரலக்கா! நான் சொன்னது பொய். பொய், பொய்! போதுமா?"

அப்பாடா! பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள், இல்லை. கூடையில் இருந்ததிலேயே இளசான பச்சைச் சுருளாகப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

"நான் வேகவைக்கிற மாதிரியே ரெண்டு தடவை வேகவை. முதல் தண்ணியைக் கொட்டிடு. மறுபடி என் பேரைக் கெடுத்துடாதே."

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஓடைக்கரையில மட்டும் ஏன்க்கா இப்ப ஒண்ணுமே முளைக்கல?"

"மொட்டையாப் பறிச்சா தூரு செத்துடும். பாதி விடணும்."

சின்னவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எல்லாத்தையும் பறிச்சுக்கோன்னு நீதானேக்கா சொன்னே!"

"ஆமாண்டி, நான்தான் சொன்னேன்" என்றாள் பெரியவள். அடுத்த ஆளுக்குத் தட்டை எடுத்தாள்.