ஜெனீவாவுக்கு எங்க தாலுகா அனுப்பிய கஷ்டம்

ஊரார் வாய்ச்சொல்லை எல்லாம் விரலில் வாங்கிக் காகிதத்தில் இறக்குவதுதான் ஆபீஸ் டைப்பிஸ்ட் வேலை. எனக்கு அதைத் தொண்டையிலும் வாங்க வரும், யார் குரலையும் அப்படியே பேசிவிடுவேன் என்பதில்தான் வம்பே. மேலிடத்துக் கேள்விக்குப் பதில் எழுதி நொந்துபோன சக பாவிகளே, கேளுங்கள். டைப்பில் லோயர் பாஸ் பண்ணிவிட்டு, பாளையம்பட்டியில் டவுன் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்துக்குத் தற்காலிக டைப்பிஸ்டாகப் போனேன். வயசு பதினெட்டு. வேலைக்குச் சேர்ந்த மாதமே உலகம் எங்களைக் கேள்வி கேட்டுவிட்டது.

மேய்ச்சல் போதுமானது

குழந்தைகளின் உரிமைகளைக் காப்போம் என்று உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நம் அரசாங்கமும் சேர்ந்திருந்தது. சேர்ந்தால் மட்டும் போதாது; என்ன செய்தோம், எது முடியவில்லை என்று ஜெனீவாவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். டெல்லி சென்னையைக் கேட்டது, சென்னை ஜில்லாவைக் கேட்டது, ஜில்லா எங்களைக் கேட்டது. நாங்கள் பள்ளிக்கூடங்களையும் போலீஸ் ஸ்டேஷன்களையும் கேட்டுத் தொகுத்து அனுப்ப வேண்டும்.

எங்கள் சூப்பிரண்டு சாருக்கு ஒரு வழக்கம். எந்தக் கேள்வி வந்தாலும், அதற்கு முன்னால் அனுப்பின பதிலை எடுத்துப் போட்டு, அதைப் பார்த்தே அடிக்கச் சொல்வார். முன்னால் போனது ஆடுமாடுகளுக்கு நோய் உண்டா என்ற கேள்விக்கான பதில். அடித்து முடித்து, வெற்றிலை அடக்கிய அவர் குரலிலேயே வாசித்துக் காட்டினேன்: "இவ்வட்டாரக் குழந்தைகளிடையே பாதிப்பு ஏதும் இல்லை. குடிநீர் உண்டு. மேய்ச்சல் போதுமானது."

கண்ணை மூடிக் கேட்டவர், மூடியபடியே சொன்னார்: "ஏலே, மேய்ச்சலை மட்டும் எடுத்துட்டு சத்துணவுன்னு போடு. மத்ததெல்லாம் பொருந்துது."

யார் முதலில்?

'வேலைக்குப் போகும் குழந்தைகள் உண்டா' என்ற கேள்விக்கு யாரும் முதலில் பதில் சொல்ல மாட்டேன் என்றார்கள். ஸ்டேஷனுக்கு போன் போட்டால் ஏட்டய்யா, "பள்ளிக்கூடத்துல என்ன எழுதியிருக்காக?" என்பார், நெஞ்சுக்குள்ளிருந்து, குடத்துக்குள் பேசுவதுபோல். பள்ளிக்கூடத்துக்குப் போட்டால் ஒரு ஹெட்மாஸ்டர், "ஸ்டேஷன்ல என்ன எழுதியிருக்காக?" என்பார், சாக்பீஸ் கீச்சிடுவதுபோல். சும்மா இருக்க முடியுமா? ஹெட்மாஸ்டர் குரலில் ஏட்டய்யாவிடமும், ஏட்டய்யா குரலில் ஹெட்மாஸ்டரிடமும், "நான் 'இல்லை'ன்னு போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே இரண்டு 'இல்லை'யும் வந்து சேர்ந்தன.

பக்கத்து அறை போனிலிருந்து இங்கே மணியடித்து, ஜில்லா அதிகாரி குரலில் சூப்பிரண்டு சாரை எழுந்து நிற்க வைப்பதும் அப்போது என் பொழுதுபோக்கு. பலமுறை எழுந்து நின்றவர் கடைசியில் சொன்னார்: "இனிமே அந்த ஆளே நேர்ல வந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன்லே."

ஒரே ஒரு 'உண்டு'

எல்லாம் 'இல்லை'யாக அடுக்கியிருந்த காகிதக் கட்டுக்குள் ஒரே ஒரு 'உண்டு' வந்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல் ஊரில், ஓராசிரியர் பள்ளி நடத்தும் ஞானமணி டீச்சர் எழுதியது. 'அஞ்சாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிக் குச்சி அடுக்கப் போகிறார்கள். மழை பொய்த்த வருஷம் மூன்றாம் வகுப்பும் ஏறும்.'

சூப்பிரண்டு சார் டீச்சரை வரச்சொல்லி, 'இல்லை' என்று மாற்றி எழுதச் சொன்னார். மாட்டேன் என்றால் விளக்கம் கேட்டு மெமோ, பின்னாலேயே டிரான்ஸ்பர். அவுகளைத் தூக்கினால் அடுத்த ஆள் வரும்வரை பள்ளிக்கூடம் பூட்டுதான்; மிச்சப் பிள்ளைகளுக்கும் அந்த வேன்தான் கதி. வெயிலில் வந்த டீச்சர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்கள். அந்தக் குரலை மட்டும் எனக்குச் செய்து பார்க்கத் தோன்றவில்லை.

"'இல்லை'ன்னு எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு அவுக ஆத்தாகிட்டப் போயி பிள்ளைய அனுப்புன்னு எந்த வாயால சார் கேப்பேன்?"

நிஜக் குரல்

மறுநாள் மெமோவுக்கான தாள் என் மிஷினில் ஏறியது. பாதி அடித்ததும் ரிப்பன் சிக்கியது. புது ரிப்பன் கேட்டு சூப்பிரண்டு சார் மேஜை முன்னால் போய் நிற்கிறேன், போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். தலைகூட நிமிராமல், "ஏலே, உன் தொண்டையில மண்ணள்ளிப் போட. போயி மெமோவ அடி" என்றார். பிறகுதான் நிமிர்ந்தார். நான் எதிரே நிற்கிறேன், வாயை மூடிக்கொண்டு.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. போனுக்குள் நிஜ ஜில்லா அதிகாரி கத்தியது எனக்கே கேட்டது: "எல்லாத் தாலுகாவும் 'இல்லை'ன்னு அனுப்பிட்டீங்க. 'சந்தித்த சிரமங்கள்'னு அறிக்கையில ஒரு பக்கம் இருக்கு. அது காலியாப் போனா ஜெனீவாக்காரன் மத்த பக்கத்தை நம்புவானா? சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு கஷ்டம் வேணும்."

சூப்பிரண்டு சார் ஒரு கையால் என் மிஷினிலிருந்து மெமோவை உருவு என்று சைகை காட்டினார். மறுகையில் இருந்த போனுக்குள் குழைந்தார்: "ஒண்ணு இருக்கு சார். தங்களுக்குன்னே பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

காப்பிக் கடையில்

டீச்சர் எழுதியது வரி மாறாமல் மேலே போனது. டிரான்ஸ்பர் வரவில்லை, பூட்டும் விழவில்லை. விசாரிக்க ஒரு ஜீப் போனதில், வேன்காரர் கொஞ்ச காலம் அந்த ஊர்ப் பாதையையே மறந்திருந்தாராம். சில பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை டவுனுக்கு வந்த டீச்சருக்கு நடந்ததை எல்லாக் குரலிலும் செய்து காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, காப்பியைக் கீழே வைத்துக் கேட்டார்கள்:

"நெசமாச் சொல்லு ராசா, அன்னைக்கு போன்ல பேசுனது நீ இல்லையே?"

உலகத்துக்கு எழுதுகிற அறிக்கைக்குள் உண்மை எப்படி நுழைகிறது என்று யாராவது கேட்டால், ஒரு பக்கம் காலியாகக் கிடந்தால் நுழையும் என்று என் சொந்தக் குரலிலேயே சொல்வேன்.